இறந்துபோன லாப்ரடார், திரும்பி வராத எஜமானர்: ஒரு நாய் விடுதிக்காரருக்குச் சட்ட ஆலோசனை

பாளையங்கோட்டைக்கு வெளியே நாய் விடுதி நடத்தும் 62 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

பதினாறு வயதில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், சிப்பிப்பாறை நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர் இவர். அப்புறம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளர். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரிடம் நாய் பழக்கும் வேலையைக் கற்றிருக்கிறார். வசதியான வீட்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு ஊட்டி நாய்க் கண்காட்சிக்குப் பல வருடம் போயிருக்கிறார். 2001இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முக்கால் ஏக்கரில் விடுதியைத் தொடங்கினார். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், மே விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள், துபாயில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் என்று பலரும் இவரை நம்பி நாயை விட்டுப் போகிறார்கள்.

இந்த மே மாதம் ஒரு குடும்பம் ஒன்பது வயது லாப்ரடாரை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சுற்றுலா போனது. நாலாம் நாள் காலையில் அது சாப்பாட்டைத் தொடவில்லை. புது இடம், ஏக்கமாக இருக்கும் என்று இவர் விட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்து டாக்டரிடம் தூக்கிப் போனார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, டிரிப்ஸ் ஏற்றினார். ஏழாம் நாள் விடியுமுன் நாய் இறந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்குப் பல முறை போன் போட்டும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டு, வெயில் தாங்காது என்று அன்றே தோட்டத்தில் புதைத்துவிட்டார். இப்போது அந்த வீட்டு அம்மா சார்பில் மூன்று லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. தகரக் கொட்டகையில் வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டதாகவும், பதினைந்து நாளில் பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவதாகவும் அதில் இருக்கிறது.

இது போதாதென்று, தை மாதம் ஒருவர் விட்டுப்போன கன்னி இனப் பெட்டை ஒன்று இன்னும் விடுதியிலேயே இருக்கிறது. வளைகுடாவுக்குப் போனவரின் போன் அணைந்து கிடக்கிறது. பெட்டையோ பங்குனியில் நாலு குட்டி போட்டுவிட்டது. சுற்றிலும் பிளாட் போட்டு வீடு கட்டி வந்தவர்கள், குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று மனு கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் "எல்லாத்தையும் மூடிட்டு வாங்கப்பா" என்கிறார். கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கும் மகள், தான் எடுத்து நடத்துவதாகச் சொல்கிறார். "நாற்பத்தாறு வருஷம் நாயோடு வாழ்ந்தவனை நாயைக் கொன்றவன் என்கிறார்கள். மூடிவிடவா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அண்ணாச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நோட்டீஸ் கையில் இருக்கும்போது மூடாதீர்கள். மூடினாலும் நடந்த சம்பவத்துக்கான பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. பயந்து ஓடினார் என்று எதிர்த்தரப்பு சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான். முழங்கால் வலி, ஆள் கிடைக்காதது, நாய்களுக்கு நீங்கள் கொடுக்கும் நேரம் இதையெல்லாம் வைத்து மூடுவதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு ஆறு மாதம் கழித்தும் நேரம் இருக்கிறது. இந்த நோட்டீஸுக்கு இல்லை.

கையெழுத்து வாங்கிய தாளை மட்டும் நம்பாதீர்கள்

"நாய்க்கு நோய், மரணம் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதாகவும், அதனால் தைரியமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை தருகிறது.

சட்டம் நாயை ஒரு பொருளாகத்தான் பார்க்கிறது. உங்களுக்கும் எனக்கும் பிடிக்காவிட்டாலும் நிலைமை அதுதான். ஒருவர் பொருளை இன்னொருவர் பாதுகாக்க வாங்கிக்கொண்டால் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் ஒப்படைப்புப் பிரிவுகள் வந்துவிடும். அதன் 151ஆவது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. அப்படி எடுத்திருந்தால், பொருள் அழிந்தாலும் பொறுப்பு இல்லை என்கிறது 152. அந்தக் கவனத்தையே எடுக்காமல், ஒரு வரி அச்சடித்துத் தப்பிக்க முடியுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. நுகர்வோர் ஆணையத்திலோ, அச்சடித்த இத்தகைய வரிகளுக்குப் பெரிய மதிப்பை எதிர்பார்க்காதீர்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்கவே இடம் கொடுக்கிறது.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. "நான் கொன்றேன் என்று அந்த அம்மாதானே நிரூபிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரோடு உங்களிடம் கொடுத்தார், உயிரோடு திரும்பி வரவில்லை. இந்த இரண்டும் தெரிந்த பிறகு, கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். என்ன தின்றது, எப்போது தண்ணீர் வைத்தீர்கள், எந்த நேரத்தில் உடம்பு சரியில்லை என்று கவனித்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் மனதில் பத்திரமாக இருக்கும். உங்களுக்கு அது போதும். ஆணையத்துக்குக் காகிதம் வேண்டும்.

போலீஸ் மிரட்டலுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். விலங்கைக் கொன்றதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் வழக்குப் போட, கேடு செய்யும் எண்ணம் அல்லது கேடு வரும் என்று தெரிந்தே செய்தது இருக்க வேண்டும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு அது பொருந்தாது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் டாக்டர் சீட்டோடு போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் பக்கத்தில் இருப்பதும் இல்லாததும்

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ரத்த டெஸ்ட் சீட்டு எங்கேயோ கிடக்கும்." அண்ணாச்சி, இந்த வழக்கின் உயிரே அந்தச் சீட்டுதான். இன்றைக்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் டாக்டரிடமோ லேபிலோ நகல் வாங்குங்கள்.

காரணம் இதுதான். உண்ணிக் காய்ச்சலில் பரவலான வகை எர்லிக்கியா. உண்ணி கடித்துக் கிருமி உள்ளே போனபின் நோய் வெளியே தெரிய சாதாரணமாக எட்டு நாள் முதல் இருபது நாள் வரை ஆகும். உங்களிடம் வந்த நாலாம் நாளே நாய் சாப்பாட்டை விட்டது. டாக்டர் சந்தேகித்த நோயும் இதுவே என்றால், வீட்டிலிருந்து வரும்போதே தொற்றோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை நீங்களும் நானும் சொன்னால் எடுபடாது. எந்த நிலையில் நாயைக் கொண்டுவந்தீர்கள், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு இருந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார், வெயில் தாக்கியதற்கான அறிகுறி இருந்ததா என்று அந்த டாக்டர் எழுதித் தர வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதட்டும். உங்களுக்குச் சாதகமாக ஒரு வரி கூடுதலாகக் கேட்காதீர்கள்; குறுக்கு விசாரணை என்று வந்தால் முதலில் உடைவது அதுதான்.

பலவீனம் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் நாள் காலைக்கும் ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்கும் நடுவில் ஒன்றரை நாள் போயிருக்கிறது. புது இடத்துக்கு வந்த நாய் முதல் ஓரிரு நாள் சாப்பிடாது என்பது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு நாலாம் நாள் விட்டதே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். உங்கள் போர்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் "40 ஆண்டு அனுபவம்" அப்போது உங்களுக்கு எதிராகவும் பேசும். அனுபவம் இல்லாதவர் கவனிக்காமல் விட்டதை ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம், உங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்க்கும்.

இரண்டாவது, பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்தது. மே மாத வெயிலில் அதைத் தவிர வேறு என்ன செய்வது என்று தோன்றியிருக்கும், புரிகிறது. ஆனால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இனி எந்த நாய் இறந்தாலும், வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்றால், உடனே அங்கேயோ அரசுக் கால்நடை மருத்துவரிடமோ கேட்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பழைய குழியை இப்போது தோண்டுவதில் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. "நோட்டு எழுதும் பழக்கம் இல்லை, இப்போது எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய தேதி போட்டு ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். மே மாத நோட்டு முழுவதும் ஒரே பேனா, ஒரே மையில் இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உண்மையான பாதி ஆதாரத்தையும் அது கெடுத்துவிடும். இன்றைய தேதி போட்டு, நடந்ததை ஞாபகத்திலிருந்து எழுதி உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். அது வேறு விஷயம், அதில் தவறில்லை. கொட்டகையை இருக்கிறபடியே போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம் மேலே தென்னங்கீற்று போடுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில்

நோட்டீஸை வாங்கிய கையோடு பரணில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எடுங்கள். கெடு முடிந்திருந்தாலும் பதில் அனுப்பலாம். அடுத்து ஆணையத்திலிருந்து தபால் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் வாங்கியதாகத்தான் கணக்கு. அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பதிலுரையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2020இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்குச் சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அவர் புகார் கொடுக்கலாம், வக்கீல்கூட வேண்டியதில்லை. ஆகவே ஆறிப்போகும் என்று காத்திருக்காதீர்கள்.

பதிலில் நாய் வந்த நாள், நோய் தெரிந்த நேரம், டாக்டர், பரிசோதனை, நீங்கள் போன் போட்ட நேரங்கள் எல்லாம் வரிசையாக இருக்கட்டும். "ஒன்பது வயது நாய்க்கு என்ன விலை கிடைக்கும்" என்று ஒரு வாக்கியம் உங்கள் மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். சந்தை விலை குறைவு என்பது வாதத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் ஆணையம் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரும், அந்த ஒரு வாக்கியமே உளைச்சலைக் கூட்டியதாக ஆகிவிடும். தவிர, பிள்ளை மாதிரி வளர்த்த நாயைப் புதைத்த இடத்தைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை. வந்து பார்க்கலாம் என்று பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சமரசத்தைப் பற்றி என் கருத்து: மூன்று லட்சம் நியாயமில்லை. வாங்கிய போர்டிங் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மருத்துவச் செலவை நீங்களே ஏற்று, அதற்கு மேல் ஒரு சிறு தொகை என்றால் பேசலாம். பணம் கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா என்று பயப்படுகிறீர்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், பிரச்சினையை முடிக்க மட்டும் தருகிறோம் என்று எழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டால் அந்தப் பயம் வேண்டாம். கையெழுத்தில்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

கன்னியும் நாலு குட்டியும்

இதில் நீங்கள் ஆபத்தான இடத்தில் நிற்கிறீர்கள். பெட்டைக்கு ஒருவர் பதினைந்தாயிரம் தருவதாகவும், குட்டிகள் "என் இடத்தில் பிறந்ததால் எனக்குத்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. ஒப்படைத்த பொருளில் பெருகியதும் ஒப்படைத்தவருக்கே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 163ஆவது பிரிவு. பாதுகாக்க விட்ட பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. நாய் சினைக்காலம் சுமார் 63 நாள். விட்டுப்போன நாளுக்கும் குட்டி போட்ட நாளுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவென்றால் வரும்போதே சினையாக வந்திருக்கிறது. அதைத் தெரிந்தே அவர் மறைத்திருந்தால் உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கேட்கலாம். கட்டணமும் தீனிச் செலவும் கேட்கலாம். விற்கும் உரிமை மட்டும் கிடையாது. விற்றுவிட்டு அவர் திரும்பி வந்தால், நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்ததாகக் குற்ற வழக்கே வரலாம்.

அவர் கொடுத்த உள்ளூர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பாக்கி எவ்வளவு, குட்டிகள் எத்தனை, 30 நாளில் வந்து அழைத்துப் போகாவிட்டால் நாயையும் குட்டிகளையும் நல்ல வீட்டில் பராமரிக்கக் கொடுப்பேன் என்று தெளிவாக எழுதுங்கள். சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல். அப்புறமும் பதில் இல்லையென்றால், விற்காமல், "உரியவர் வந்து கேட்டால் திருப்பித் தருவேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு பராமரிப்புக்குக் கொடுக்கலாம். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கி வையுங்கள். இனி சேர்க்கைப் படிவத்தில், குறித்த நாளுக்கு மேல் இத்தனை நாள் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, கடைசியாக உண்ணி மருந்து போட்ட தேதி, கடிக்கும் பழக்கம், அவசரத்துக்கு உள்ளூரில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் எண் இவையும் வேண்டும். லாப்ரடார் விஷயத்தில் அந்தக் கடைசி எண் இருந்திருந்தால் பாதித் தகராறு வந்திருக்காது.

குரைப்பும் பதிவும்

"நான் வந்தபோது இங்கே உடைமரம்தான் இருந்தது, அவர்கள்தான் பின்னால் வந்தார்கள்" என்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் முதலில் வந்தவர் என்பதால் தொல்லை தரும் உரிமை வந்துவிடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் ஒலி வரம்பு. மனு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) போனால், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். அதற்கு முன்பே நீங்களாகச் சிலதைச் செய்துவிட்டுப் போட்டோவோடு பதில் கொடுங்கள். ரோட்டைப் பார்த்த கம்பி வலையை மறைப்பது, ராத்திரி நாய்களைப் பின்பக்க அறைகளுக்கு மாற்றுவது போன்றவை. எந்த நாய் எதைப் பார்த்துக் குரைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஞ்சாயத்து ரசீது இருக்கிறது, வேறு லைசென்ஸ் தேவையில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், நாயை விற்பவரோடு போர்டிங் நடத்துபவரையும் சேர்த்தே மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பம் போடுங்கள். இதுவரை பதிவு இல்லை என்பதை எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். விண்ணப்பித்த ரசீதாவது கையில் இருப்பது நல்லது.

பதிவை மகளையும் சேர்த்துக் கூட்டாக எடுக்கலாமா என்று யோசியுங்கள். நிலம் உங்கள் சுயசம்பாத்தியம். அதை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம், மகன் தடுக்க முடியாது. ஆனால் இந்த வழக்கு ஓய்வதற்குள் நிலத்தை மகள் பெயருக்கு மாற்றாதீர்கள். கடன்காரரை ஏமாற்ற மாற்றினார் என்ற பேச்சு வரும். தொழிலை மட்டும் ஒரு கூட்டு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டால் இப்போதைக்குப் போதும். நோட்டு எழுதும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ், அந்த அம்மா கையெழுத்திட்ட படிவம், டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். குரல் செய்தி அனுப்பிய செல்போனும் வேண்டும். போனில் இருப்பதைச் சாட்சியமாகக் கொடுக்கத் தனிச் சான்றிதழ் தேவை, அதை வக்கீல் தயாரிப்பார். மருமகன் புது போன் வாங்கித் தருவதாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.